மனுதாரர் நலம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறது. இங்கே நான் நலம். உன் நலமும் உன் வீட்டுக்காரி நலமும் அறிய ஆவல்.

போன் பண்ணாம ஏன் கடுதாசின்னு கேப்பே. போன்ல பேசினது எனக்கு அன்னைக்கே மறந்துபோகுது. பேசினது ஞாபகம் இருக்கும், என்ன பேசினேன்னு இருக்காது. தாள்ல இருந்தா நீயாவது திருப்பிப் படிக்கலாம். ஒரே மூச்சுல எழுத முடியலை. விட்டு விட்டு எழுதுறதால எழுத்து ஒரு இடத்துல நிமிர்ந்தும் ஒரு இடத்துல படுத்தும் கிடக்கும். கண்டுக்காதே.

விஷயத்துக்கு வர்றேன். என் ஊனப் பென்ஷன் மனுவைத் தள்ளிட்டாங்க.

மருத்துவ வாரியத்துக்கு என்னை வரச்சொன்னாங்க இல்லையா, போனேன். மாடியில ஆபீஸ். லிஃப்ட்ல 'பழுது'ன்னு அட்டை தொங்குது. உன் லிஃப்ட் கம்பெனி ஆளுங்க யாரையாவது அனுப்பி வைக்கக் கூடாதா? கைப்பிடியைப் பிடிச்சு நின்னு நின்னு ஏறினேன். உள்ளே நீள மேஜை, அந்தப் பக்கம் டாக்டருங்க. நடுவுல இருந்த பெரியவர் தலைநிமிர்ந்து, "வாங்கம்மா, எப்படி இருக்கீங்க?"ன்னார். மனுஷன் மரியாதையா கேக்கிறார், நான் என்ன சொல்வேன்? "நல்லா இருக்கேன் சார், நீங்க நல்லா இருக்கீங்களா?"ன்னேன். ஓரத்துல உக்காந்திருந்த குமாஸ்தா அதை எழுதிக்கிட்டான்டா!

இப்ப உத்தரவு வந்திருக்கு. அப்படியே எழுதுறேன், படி: "எப்படி இருக்கிறீர்கள் என்று வினவியதற்கு, தாம் நலமாக இருப்பதாக மனுதாரரே தெரிவித்தார். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைகளில் குறை ஏதும் இல்லை. மனுதாரர் தம் உபாதைகளை மிகைப்படுத்துகிறார். இவற்றுக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பில்லை."

மிகைப்படுத்துறேனாம்! லாரி கவிழ்ந்து கதவுக்கும் பாறைக்கும் நடுவுல மாட்டினப்பகூட வாயைத் திறக்காதவ நான். அந்த மலைப்பாதையில எத்தனை வருஷம் சரக்கு லாரி ஓட்டினேன்? படையில என்னை ஸ்டியரிங்கம்மான்னுதானே கூப்பிட்டாங்க? கவிழ்ந்ததுக்கு அப்புறம்தான் இந்த வலியே. முதல்ல தோள், அப்புறம் இடுப்பு, அப்புறம் எது இல்லைன்னு கேக்கிற அளவுக்கு எல்லாம். தூங்கி எந்திரிச்சா தூங்காத மாதிரி. மண்டைக்குள்ள பனிமூட்டம். நம்ம டாக்டரம்மா இதுக்கு ஃபைப்ரோமயால்ஜியான்னு பேர் வச்சிருக்காங்க. சொல்லி முடிக்கிறதுக்குள்ள தாடை வலிக்குது. எக்ஸ்ரேயில தெரியாதாம். தெரியாம இருக்கிறதுதான் அதோட லட்சணமே.

நான் விடப்போறதில்லை. மேல்முறையீடு போட்டாச்சு. இந்த உத்தரவு நின்னுட்டா பென்ஷனும் கிடையாது, ராணுவ ஆஸ்பத்திரி மருந்தும் கிடையாது. அதையெல்லாம் விடு, நான் செத்த பிறகும் ஒரு ஃபைல்ல 'மிகைப்படுத்துகிறார்'னு இருக்கும். அந்த வார்த்தையை அடிக்காம ஓயமாட்டேன். கவிழ்ந்த பிறகு லீவுல வந்தப்ப டம்ளரைக்கூடத் தூக்க முடியாம நின்னதை நீதான் பார்த்தே. ஜூன் மாசம் விசாரணை. நீ வந்து சாட்சி சொல்லணும்.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன் அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பென்ஷன் கேட்கப் போன இடத்தில் டாக்டரை நலம் விசாரித்துவிட்டு வந்த ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். இவள் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கிவிட்டது. மன்னித்துக்கொள்.

கவலைப்படாதே. ஆபீஸ் என்றால் அவர்களுக்குத் தாள் வேண்டும். நாமும் தாளாலேயே அடிக்கலாம். எனக்கு ஒரு யோசனை வந்தது. நீ படையில் இருந்தபோது அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் அத்தனையும் என்னிடம்தானே இருக்கின்றன? ஒவ்வொன்றிலும் தேதி இருக்கிறது, எந்த முகாம் என்று இருக்கிறது, ராணுவத் தபால் முத்திரை இருக்கிறது. நீ எங்கே, எந்தக் குளிரில், எவ்வளவு காலம் லாரி ஓட்டினாய் என்பதற்கு இதைவிடச் சாட்சி உண்டா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உறைகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். நேற்றே மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உனக்கு எதற்கு இன்னொரு அலைச்சல் என்றுதான் உன்னைக் கேட்கவில்லை.

ஜூனில் கண்டிப்பாக வருகிறேன். இங்கே ஒரு பழைய ஏழு மாடிக் கட்டடத்து லிஃப்டைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். அதை ஓடவிட்டால் எனக்கு லீவு கிடைக்கும். உன் வாரியத்து லிஃப்டையும் வந்து பார்த்துக் கொடுக்கிறேன். கூலி வேண்டாம், பென்ஷன் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிடலாம்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன் தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

அக்கா எழுதுறது. நலம், நலமறிய ஆவல்.

எல்லாத்தையுமா அனுப்பிட்டே? உறையைத்தானே அடுக்கினே, உள்ளே பிரிச்சுப் படிச்சியா?

அட மண்டு! அம்மாவுக்கு எழுதினதுல நான் என்னைக்குடா உண்மை எழுதியிருக்கேன்? நீதானே அவங்களுக்குப் படிச்சுக் காட்டுவே. நான் ஒரு தும்மல் போட்டேன்னு எழுதியிருந்தாலும் அம்மா அன்னைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. குளிர்ல விரல் விறைச்சு கியரை முழங்கையால தள்ளின அன்னைக்கு, "இங்கே கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கு"ன்னு எழுதினேன். லாரி கவிழ்ந்த வாரம் என்ன எழுதினேன்னு எனக்கே தெரியலை. நல்லதா மட்டும் எழுதியிருப்பேன்.

சரி, போனது போச்சு. ஆபீஸ்ல யாரும் பிரிச்சுப் பார்க்காம இருக்கணும். அவங்க எதையும் படிக்கிறதில்லைன்னுதானே ஊரெல்லாம் பேச்சு.

இந்த வாரம் தோள்பட்டை மோசம். ரவிக்கைக் கொக்கியைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாதான் மாட்டி விடுறாங்க. மாட்டும்போதெல்லாம், "இந்தக் கையா லாரி ஓட்டுச்சு?"ன்னு கேக்கிறாங்க. இந்தக் கைதான்னு சொல்வேன்.

உடனே பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 5

தம்பிக்கு,

நலமான்னு கேக்கிறேன். ஒரு மாசமா உன்கிட்டேயிருந்து ஒரு வரி வரலை. திட்டினேன்னு கோவமா? மண்டுன்னு நான் சொல்லாம வேற யாருடா சொல்வா?

படிச்சிட்டாங்கடா. ஒரு உறை விடாம படிச்சிருக்காங்க. நாட்டுலயே வேலை செய்யிற ஒரே ஆபீஸ் என் கேஸ் நடக்கிற ஆபீஸா அமைஞ்சுபோச்சு. பதில் மனு தாக்கல் பண்ணியிருக்காங்க. கேளு: "மனுதாரரின் சகோதரர் அனுப்பிய கடிதங்கள் அனைத்தும் 'இங்கே நான் நலம்' என்றே தொடங்குகின்றன. விபத்துக்குப் பின் எழுதியதும் அவ்வாறே. ஆகவே சேவைக்காலம் முழுவதும் தாம் நலமாக இருந்ததை மனுதாரர் தம் கைப்படவே ஒப்புக்கொண்டுள்ளார்."

படிச்சிட்டு முதல்ல சிரிச்சேன். சிரிச்சா விலா வலிக்குது, அதனால நிறுத்திட்டேன். அப்புறம் வந்துச்சு பாரு ஒரு ஆத்திரம், கையில இருந்த சாவிக்கொத்தைச் சுவத்துல அடிச்சேன். அதுக்கு ரெண்டு நாள் தோளைத் தூக்க முடியலை. ஆத்திரப்படக்கூட இந்த உடம்பு சம்மதிக்க மாட்டேங்குது.

என் வக்கீலம்மா நல்ல மாதிரி. ஆனா அவங்களும் தளர்ந்துட்டாங்க. எதிர்த்தரப்புல ஒரு சமாதானம் சொல்றாங்களாம். "எனக்கு இருப்பது பிறவியிலேயே உள்ள பலவீனமான உடல்வாகு, பணியால் வந்தது அல்ல"ன்னு நான் கையெழுத்துப் போட்டா, கருணை அடிப்படையில மாசாமாசம் ஏதோ கொஞ்சம் கொடுப்பாங்களாம். கருணை! பலவீனமான உடல்வாகா எனக்கு? அந்த மலையில ஆம்பளைங்க இறங்கி நின்னு கும்பிட்ட வளைவுல சரக்கோட வண்டியை ரிவர்ஸ்ல எடுத்தவ நான். போடமாட்டேன்னு சொல்லிட்டேன்.

இப்ப எனக்கு இருக்கிற ஒரே சாட்சி நீதான். உயிரோட நின்னு வாயைத் திறந்து சொல்ற சாட்சி. ஜூன் ஒன்பதாம் தேதி. டிக்கெட் எடுத்துட்டியான்னு எழுது.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். உன் நலம் அறிய ஆவல்.

வேலை அதிகம், அதனால்தான் தாமதம். பேனா கைவசம் இல்லை, பென்சிலில் எழுதுகிறேன். வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கடிதங்களை அனுப்பியது என் தப்பு. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அதை நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அக்கா, ஜூனில் என்னால் வர இயலாது. கம்பெனியில் லீவு இல்லை. காரணம் கேட்காதே. நீ அந்தச் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடேன். கொஞ்சமாவது கிடைக்கும். மருந்துக்காவது ஆகும். எவ்வளவு நாள் நீ தனியாகச் சண்டை போடுவாய்? மனிதர்களுக்கு எப்போது என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

இவள் உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

தம்பி


மே 1

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில நான் இல்லை.

பென்சில்ல எழுதியிருக்கே. கடைக்குப் போய் ஒரு பேனா வாங்க நேரமில்லாத அளவுக்கு வேலை! எனக்காக ஒரு நாள் லீவு இல்லை. ஆனா எனக்கு யோசனை சொல்ல மட்டும் நேரம் இருக்கு. கையெழுத்துப் போட்டுடணுமாம். போட்டா என்ன அர்த்தம் தெரியுமா? நான் பொறக்கும்போதே உதவாக்கரை, படைக்காரங்க பாவம் பார்த்து வண்டி கொடுத்தாங்கன்னு அர்த்தம். அம்மா பெத்ததே கோளாறுன்னு அர்த்தம். அம்மாவையும் சேர்த்து எழுதிக்கொடுக்கச் சொல்றியா?

நீ இப்படிப் பேசுற ஆளில்லையே. லிஃப்ட் பாதியில நின்னாலே உள்ளே இருக்கிறவங்களுக்குத் தைரியம் சொல்லிச் சிரிக்க வைக்கிறவனாச்சே. எனக்கு மட்டும் ஏன்டா இந்தப் பயந்தாங்கொள்ளிப் பேச்சு?

வராட்டி போ. நான் தனியாவே போய்க்கிறேன். மலையில எனக்குத் துணைக்கு யாரு வந்தா?

அக்கா


மே 12

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்க தம்பி மனைவி எழுதுறேன். எப்பவும் போல 'இங்கு எல்லோரும் நலம்'னு ஆரம்பிக்கப் போனேன் அண்ணி, கை நின்னுபோச்சு. அவருக்குத் தெரியாம எழுதுறேன். தெரிஞ்சா திட்டுவார், திட்டட்டும்.

அவர் மார்ச் ஆறாம் தேதி விழுந்துட்டார். லிஃப்ட் கூண்டு மேல நின்னு கேபிளைப் பார்த்துக்கிட்டு இருந்தப்ப, கீழே யாரோ சுவிட்சைப் போட்டுட்டாங்க. கூண்டு நகர்ந்ததும் நிலைதடுமாறிக் குழிக்குள்ள விழுந்துட்டார். இடுப்பெலும்பு உடைஞ்சு, முதுகுலயும் முறிவு. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிதான். மே நாலாம் தேதிதான் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தோம். இன்னும் படுக்கைதான். தானா புரண்டு படுக்க முடியாது.

"அக்கா ஒரு சண்டை போட்டுக்கிட்டு இருக்கா, என்னையும் அவ தலையில ஏத்தாதே"ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். ஏப்ரல்ல உங்களுக்கு எழுதினாரே, அது கால்ல எடை கட்டித் தொங்கவிட்டிருந்தப்ப மல்லாந்து படுத்தே எழுதினது. அட்டையை அவர் மூஞ்சிக்கு மேல நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மல்லாக்க எழுதினா பேனாவுல மை வரலை அண்ணி, அதான் பென்சில். 'இங்கு நான் நலம்'னு அவர் எழுதும்போது எனக்கு அட்டையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடலாம்னு இருந்துச்சு.

உங்க மே மாசக் கடுதாசியை நான்தான் படிச்சுக் காட்டினேன். முழுசாப் படின்னார். பாதியில கண்ணை மூடிக்கிட்டார், தூங்கலை.

கம்பெனியில அவர்மேலதான் தப்புன்னு சொல்றாங்க. 'வேலை நடக்கிறது' அட்டையை அவர் தொங்கவிடலையாம். தொங்கவிட்டேன்னு அவர் சொல்றார். அவர் சொன்னா சொன்னதுதான், உங்களுக்குத் தெரியாததா?

தப்பா எழுதியிருந்தா மன்னிச்சுக்கோங்க.

உங்கள் தம்பி மனைவி


மே 18

அம்மா கண்ணு,

நீ செஞ்சது தப்பில்லை. உனக்கு நான் கடன்பட்டிருக்கேன். கடுதாசியைப் படிச்சிட்டு நாள் முழுக்க அழுதேன். அவனை என்ன வார்த்தை கேட்டுட்டேன்! பேனா வாங்க நேரமில்லையான்னு கேட்டேனே, என் நாக்குல தீயை வைக்க.

இனி அழுறதுக்கு நேரமில்லை. அவன் எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதிவரைக்கும் ஆஸ்பத்திரியில இருந்தான், என்ன முறிவுன்னு டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட சான்று ஒண்ணு வாங்கி உடனே அனுப்பு. எதுக்குன்னு அவன்கிட்ட நீயே சொல்லிடு. ஏப்ரல்ல அவன் எழுதின கடுதாசி என்கிட்ட பத்திரமா இருக்கு.

நீ சாப்பிடுறியா, தூங்குறியா? உன்னை யாரும் கேக்கமாட்டாங்க. நான் கேக்கிறேன்.

அண்ணி


மே 29

அக்காவுக்கு,

இவள் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். கோபம் ஒரு பகல்கூட நிற்கவில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது.

சான்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் குமாஸ்தா இழுத்தடித்தான். இவள் அவன் மேஜை முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து வாங்கி வந்தாள். உன்னிடம் பழகிக் கெட்டுப்போய்விட்டாள்.

கையெழுத்துப் போடாதே அக்கா. நான் எழுதியதைக் காதில் வாங்காதே. அன்றைக்கு வலி பேசியது, நான் பேசவில்லை. ரிவர்ஸில் எடுத்தவள் இறங்கி நிற்கக் கூடாது.

தம்பி


ஜூன் 12

என் தம்பிக்கு,

எனக்கு உடம்பு முழுக்க வலி. விசாரணை முடிஞ்சு மூணு நாளா படுக்கையிலதான் கிடந்தேன். உனக்கு எங்கெங்க வலிக்குதுன்னு ஒண்ணுவிடாம எழுது. இனிமே நமக்குள்ள இப்படித்தான்.

நடந்ததைச் சொல்றேன். விசாரணைக் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற படை அதிகாரி, மீசையைத் தடவிக்கிட்டே இருந்தார். பக்கத்துல ஒரு லேடி டாக்டர். எதிர்ல ஆபீஸ் வக்கீல், சலவைச் சட்டை, கையில என் கடுதாசிக் கட்டு. உள்ளே போனதும் தலைவர், "எப்படி இருக்கீங்க?"ன்னார். நான் வாயையே திறக்கலை. நாற்காலியில உக்காந்து அவரையே பார்த்தேன். வக்கீலம்மா என் முழங்கையை இடிக்கிறாங்க. நான் அசையலை.

அப்புறம் அந்த வக்கீல் எழுந்து என் கடுதாசியைப் படிக்க ஆரம்பிச்சார். நல்லாவே படிக்கிறார் மனுஷன், நிறுத்தி நிதானமா. லாரி கவிழ்ந்த ரெண்டாம் நாள் எழுதினது அது. "அம்மாவுக்கு, இங்கே நான் நலம். வண்டி நல்லா ஓடுது. சாப்பாடு பிரமாதம்." அன்னைக்கு நெஞ்சுல கட்டுப்போட்டுக் கிடந்தேன்டா. ஒரு பிடி சாப்பிட முடியாம நர்ஸு ஸ்பூன்ல கஞ்சி ஊட்டினாங்க. நீ அம்மாவுக்குப் படிச்சுக் காட்டின வரியை யாரோ ஒருத்தர் குரல்ல கேட்டதும் எனக்குத் தாங்கலை. அம்மா முகம்தான் வந்துச்சு. அதைக் கேட்டு அவங்க சந்தோஷப்பட்டிருப்பாங்க இல்லே? நிம்மதியா சாப்பிட்டிருப்பாங்க இல்லே?

என் முறை வந்துச்சு. பேச வேண்டியதையெல்லாம் ஒரு வாரமா சொல்லிச் சொல்லிப் பார்த்து வச்சிருந்தேன். எழுந்து நின்னேன். "அந்த வளைவுல நான் இடது காலால..."ன்னு ஆரம்பிச்சேன், வார்த்தை வரலை. இடது காலால மிதிப்போமே, அதுக்கு என்ன பேரு? எத்தனை வருஷம் மிதிச்சது! மண்டைக்குள்ள தேடுறேன், ஒண்ணுமே இல்லை. எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. அவமானமா இருந்துச்சு, மறைக்கலை. லேடி டாக்டர்தான் மெதுவா, "கிளட்ச்சா?"ன்னாங்க. "ஆமாங்க, கிளட்ச்சுதான். இதையும் எழுதிக்கச் சொல்லுங்க, டிரைவருக்கு கிளட்ச்சு மறந்துபோச்சுன்னு"ன்னேன். குமாஸ்தா தலைவரைப் பார்த்தான். எழுதுன்னு அவர் கையைக் காட்டினார்.

வச்சிருந்த பேச்சு முழுக்கப் போயிடுச்சு. சரி, போகட்டும்னு பையிலேருந்து உன் ஏப்ரல் கடுதாசியை எடுத்து அந்த வக்கீல் கையிலயே கொடுத்தேன். "என்னோடதை அவ்வளவு அழகா படிச்சீங்களே, இதையும் சத்தமா படிங்க சார். என் தம்பி எழுதினது"ன்னேன். படிச்சார். "இங்கு நான் நலம். உன் நலம் அறிய ஆவல். வேலை அதிகம்." தேதி என்னன்னு கேட்டேன். ஏப்ரல் இருபதுன்னார். அப்புறம் உன் ஆஸ்பத்திரிச் சான்றைக் கொடுத்தேன். "இதையும் படிங்க"ன்னேன். மார்ச் ஆறுலேருந்து மே நாலு வரைக்கும் உள்நோயாளி, இடுப்பெலும்பு முறிவு, முதுகெலும்பு முறிவு, எழுந்து உட்காரவும் இயலாத நிலைன்னு படிச்சுக்கிட்டே வந்தவர், பாதியில குரல் தேஞ்சு நிறுத்திட்டார்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? அவன்தான் நலம்னு தன் கைப்பட ஒப்புக்கிட்டானே! ஓடிப்போய் அவன் கட்டுகளையெல்லாம் அவுத்துவிடச் சொல்லுங்க"ன்னேன். வக்கீலம்மா என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தாங்க. நான் விடலை. "எங்க வீட்டுல நலம்னா உடம்பு நல்லாயிருக்குன்னு அர்த்தமில்லை சார். நீ கவலைப்படாதேன்னு அர்த்தம். உங்க வீட்டுல எப்படி?"ன்னு கேட்டேன்.

தலைவர் மீசையிலேருந்து கையை எடுத்துட்டார். வாரிய உத்தரவுல அந்த 'நலம்'ங்கிற வாக்கியங்களை எடுத்துட்டா மிச்சம் என்ன ஆதாரம் இருக்குன்னு வக்கீலைக் கேட்டார். எக்ஸ்ரேன்னார் அவர். இந்த நோய் எக்ஸ்ரேயில தெரியாதுன்னு அந்த லேடி டாக்டரே சொன்னாங்க. சொல்லிட்டு என் பக்கத்துல வந்து தோள், கழுத்து, முழங்கைன்னு அமுக்கி, ஒவ்வொரு இடமா கேட்டாங்க. என்னை ஒருத்தர் தொட்டுப் பார்த்து எங்கே வலிக்குதுன்னு கேட்டது, இந்தக் கேஸு ஆரம்பிச்சதுலேருந்து அதுதான் முதல் தடவை. கண்ணுல தண்ணி வந்துடுச்சு, வலியால மட்டும் இல்லை.

வெளியே வரும்போது அவங்க, "இப்ப தம்பி எப்படி இருக்கார்?"ன்னாங்க. 'நல்லா இருக்கான்'னு நுனிநாக்கு வரைக்கும் வந்துடுச்சுடா! கடிச்சுக்கிட்டேன்.

உத்தரவைத் தபால்ல அனுப்புவாங்களாம்.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டாயே, எழுதுகிறேன். இடுப்பில் வலி, காலையில் அதிகம். முதுகில் யாரோ திருகாணியை முடுக்குவது போல இருக்கிறது. இடது கால் கட்டைவிரல் மட்டும் என் பேச்சைக் கேட்கிறது, அதை ஆட்டி இவளுக்கு வேடிக்கை காட்டுகிறேன். பயமாக இருக்கிறது அக்கா. மறுபடி ஏணியில் ஏறுவேனா என்று டாக்டரைக் கேட்கவே பயமாக இருக்கிறது. இதை எழுதியதும் மூச்சு கொஞ்சம் லேசாகிறது.

விசாரணையை நீ எழுதியதை இவள் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். வக்கீல் குரலில் ஒரு தடவை, உன் குரலில் ஒரு தடவை.

ஜூலை கடைசியில் கம்பெனி ஆட்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வருகிறார்களாம். விபத்து என் கவனக்குறைவால் நடந்தது என்று ஒரு தாளும் கொண்டு வருகிறார்களாம். கையெழுத்துப் போட்டால் கருணைத்தொகை தருவார்களாம். வார்த்தையைப் பார்த்தாயா?

உத்தரவு வந்ததா?

தம்பி


ஜூலை 14

என் தம்பிக்கு,

வந்துடுச்சு. காலையில தையல்காரம்மா உறையைக் கொண்டு வந்து கொடுத்தாங்க. பிரிக்க விரல் வரலை, அவங்க கத்திரிக்கோலாலதான் பிரிச்சோம். "கடித மரபிலும் உரையாடலிலும் வரும் நல விசாரிப்பை மருத்துவ ஆதாரமாகக் கொள்வதற்கில்லை. விபத்து அறிக்கையும் சிகிச்சைக் குறிப்புகளும் மறுக்கப்படவில்லை. மனுதாரரின் நோய் ராணுவப் பணியால் ஏற்பட்டது என ஏற்கப்படுகிறது. 'மிகைப்படுத்துகிறார்' என்ற சொல் ஆவணத்திலிருந்து நீக்கப்படுகிறது."

நீக்கப்படுகிறது! அந்த வரியைத் தையல்காரம்மாவைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். பென்ஷன் உண்டு, மருந்தும் உண்டு. அடுத்த வருஷம் மறுபடி வந்து சோதனைக்கு நிக்கணுமாம், குணமாயிட்டேனான்னு பார்க்க. நிப்பேன். வருஷாவருஷம் வேணும்னாலும் வந்து நிப்பேன். அதுக்குள்ள அந்த லிஃப்டைச் சரிபண்ணி வைங்கன்னு பதில் எழுதிப் போட்டுட்டேன்.

பயமா இருக்குன்னு எழுதினே பாரு, அதைப் படிச்சதும் உன்னைக் கட்டிப்பிடிச்சுக்கணும்னு இருந்துச்சு. எனக்கும் பயம்தான்டா. தினமும் காலையில இன்னைக்கு எது அசையும், எது அசையாதுன்னு பயந்துக்கிட்டேதான் கண்ணு முழிக்கிறேன். பயந்துக்கிட்டே எந்திரிச்சிடுறேன்.

இப்ப உன் விஷயம். அட்டையை நீ தொங்கவிட்டதை அந்தக் கட்டடத்துல யாராவது பார்த்திருப்பாங்க. காவலாளி, கூட்டுறவங்க, மேல்மாடிக்காரங்க, ஒருத்தரை விடாம விசாரிக்கணும். உன் பொண்டாட்டி இப்பவே ஆரம்பிக்கட்டும். வக்கீலம்மாகிட்ட பேசிட்டேன், உங்க ஊர்ல ஒரு ஆளைச் சொல்லியிருக்காங்க. படுத்துக்கிட்டே வர்ற மாதிரி ரயில்ல இடம் போட்டிருக்கேன், இருபத்தி ரெண்டாம் தேதி வர்றேன். வந்ததும் ரெண்டு நாள் என்னால எந்திரிக்க முடியாது. அதனால உன் கட்டிலுக்குப் பக்கத்துலயே எனக்கும் ஒரு படுக்கையைப் போட்டு வைக்கச் சொல்லு. வர்றவங்க ரெண்டு பேரையும் சேர்த்தே பார்த்துட்டுப் போகட்டும்.

எந்தத் தாள்லயும் கைவைக்காதே. நான் வர்றதுக்கு முன்னாடியே கம்பெனிக்காரங்க வந்து நின்னு, "எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா, வாயை மட்டும் திறந்துடாதே. 'இவரோட அக்கா வந்து சொல்வாங்க'ன்னு உன் பொண்டாட்டியை விட்டுச் சொல்லச் சொல்லு.

அக்கா